ரெடீம் கோடும் பதினெட்டு வயதும்

2021 ஜூன் 18 அன்று தர்மபுரி என்ற பெயர் தமிழ்நாட்டின் செய்திச் சேனல்கள் எல்லாவற்றிலும் ஓடியது. ‘பப்ஜி மதன்’ என்று அறியப்பட்ட யூடியூபரைச் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீஸார் தர்மபுரியில் வைத்துக் கைது செய்த நாள் அது. நல்லம்பள்ளியில் பஸ் ஏறினால் தர்மபுரி கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு என் ரீசார்ஜ் கடைக்கு வந்த பையன்கள் யாரும் ரீசார்ஜ் பற்றிப் பேசவில்லை. “அண்ணா, நம்ம ஊருலயே இருந்திருக்காருண்ணா!” என்பதே பேச்சு. அவர்களில் ஒருவருக்கும் மீசை அரும்பியிருக்கவில்லை.

வழக்கின் விவரம் பலருக்கு நினைவிருக்கும். பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று, வேறு 117 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. அதன் பிறகும் மதன் அந்த ஆட்டத்தை நேரலையில் ஆடிக்கொண்டே, பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. முன்ஜாமீன் மனு வந்தபோது, அந்தப் பேச்சை முதலில் நீங்களே கேட்டுவிட்டு வாருங்கள் என்று மனுதாரரின் வழக்கறிஞரிடமே உயர் நீதிமன்ற நீதிபதி சொன்னார். இவ்வளவும் செய்தியில் வந்தது. ஆனால் என்னை உறுத்தியது வேறு ஒன்று. அவருடைய சேனல் ஒன்றின் பெயரிலேயே ‘18+’ இருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வரவேண்டாம் என்று வாசலிலேயே எழுதிவைத்த மாதிரி. அந்த எழுத்தைப் படித்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பையன்கள் உள்ளே போனார்கள். ஏழாவது படிக்கிற பையனுக்கு அந்த எண்ணைவிடப் பெரிய அழைப்பு வேறு இல்லை.

நல்லம்பள்ளியில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். இன்றைக்கு எழுத நினைப்பது அந்தக் கல்லாப்பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த விஷயம். வீடியோ கேமை ஒரு சிறுவனுக்கு விற்கலாமா, விற்றால் யார் கேட்பார்கள் என்பது.

கேம் விற்பது என்றால் சிலர் டிவிடி பெட்டியை நினைப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. எங்கள் ஊரில் எந்தப் பையனும் காசு கொடுத்து கேம் வாங்குவதில்லை. கேம் இலவசம். வாங்குவதெல்லாம் அதற்குள்ளே செல்லும் நாணயங்களான டைமண்ட், யூசி, துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின், மாதாமாதம் வரும் பாஸ். அதற்குப் பணம் கட்டும் வழிகளில் ஒன்று கூகுள் பிளே ரெடீம் கோட். ரீசார்ஜ் ஆப் வைத்திருக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். எனக்கும் அதில் சின்னக் கமிஷன் உண்டு.

“அண்ணா, நூறு ரூபாய்க்கு ஒரு ரெடீம் கோட் போடுங்கண்ணா.”

“எதுக்குடா தம்பி?”

“டைமண்ட் ஏத்தணும்ணா. பாஸ் முடியப்போகுது. இன்னைக்கு ராத்திரி விட்டா ட்ரெஸ் போயிரும்ணா.”

இந்த உரையாடல் மாலை பள்ளிக்கூடம் விட்டதும் நடக்கும். காசு சில்லறையாக இருக்கும். சில நாள் ஐந்து ரூபாய் நாணயங்களாகவே இருக்கும். நான் பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கோட் போடுவதில்லை. வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வந்து கேட்டால் போடுவேன். இது நானாக வைத்துக்கொண்ட விதி. எந்தச் சட்டமும் என்னைக் கட்டுப்படுத்தவில்லை, போட்டுக்கொடுத்தால் எந்த அதிகாரியும் வந்து கேட்க முடியாது.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பெட்டிக்கடை. அங்கே ஒரு பலகை தொங்குகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று. 2003-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த புகையிலைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு அது. சிறுவர்களுக்கு விற்கக்கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது. பலகை 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்பதுவரை விதி சொல்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. தொகை சின்னதுதான், எல்லாக் கடையும் ஒழுங்காக நடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாங்கியவர் சிறுவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவரிடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வயதுச் சான்று கேட்கவேண்டியது கடைக்காரர். பையனைப் பிடித்துத் தண்டிக்கச் சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு வளர்ப்பு சரியில்லை என்று திட்டவில்லை. காசை வாங்கிக் கல்லாவில் போட்டவனைத்தான் சட்டம் கேட்கிறது.

வீடியோ கேமுக்கு நம் நாட்டில் இப்படி ஒரு பலகை இல்லை. சினிமாவுக்கு 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் இருக்கிறது. ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்துக்குச் சிறுவரை உள்ளே விட்டால் தியேட்டர்காரர் பதில் சொல்லவேண்டும். 2023-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 7, 13, 16 வயது என்று யுஏ சான்றிதழையே மூன்றாகப் பிரித்தார்கள். ஓடிடி தளங்களுக்கு 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், அதிலும் வயதுப் பிரிவு, பெற்றோர் பூட்டு எல்லாம் உண்டு. கேமைப் பார்த்துச் சான்று கொடுக்க மட்டும் எந்த வாரியமும் இல்லை.

அப்படியானால் பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே 12+, 16+ என்று இருக்கிறதே, அதை யார் போட்டது என்று கேட்பீர்கள். ஐஏஆர்சி என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் கேள்வித்தாள் அது. கேமைச் செய்த நிறுவனமே உட்கார்ந்து பதில் எழுதும். ரத்தம் காட்டுகிறீர்களா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று. பதில்களை வைத்துக் கணினி ஒரு எண்ணைத் தரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தந்த நாட்டு அமைப்புகளின் அடையாளத்தோடு அந்த எண் வரும். நம்மைப் போல அமைப்பு இல்லாத நாடுகளுக்குப் பொதுவான ஒரு எண். மைக்கைத் திறந்தால் எதிரில் இருக்கும் முன்பின் தெரியாத ஆள் என்ன பேசுவான் என்பது அந்த எண்ணுக்குள் வராது. மதன் வழக்கில் சிக்கலாக இருந்தது ஆட்டத்தில் வரும் துப்பாக்கி இல்லை, ஆடுகிறவரின் வாய். எந்த ரேட்டிங்கும் அதை அளந்திருக்காது.

நாங்கள் படித்த காலத்தில் அந்த எண்ணைக்கூடப் பார்த்ததில்லை. தர்மபுரியில் பிரௌசிங் சென்டர்களில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று உட்கார்ந்து வைஸ் சிட்டி என்ற கேமை ஆடினோம். நகல் எடுத்த சிடி, மேலே மார்க்கரில் பெயர் எழுதியிருக்கும். அசல் அட்டையில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற எச்சரிக்கை இருந்தது என்பதே எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

மற்ற நாடுகள் இந்த இடத்தை எப்படிக் கடந்தன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1993 டிசம்பரில் மோர்ட்டல் காம்பாட் போன்ற கேம்களை வைத்து செனட்டில் விசாரணை நடந்தது. அரசு தலையிட்டுவிடுமோ என்று பயந்து கேம் நிறுவனங்களே 1994-இல் இஎஸ்ஆர்பி என்ற ரேட்டிங் அமைப்பைத் தொடங்கின. பிறகு கலிஃபோர்னியா மாநிலம், வன்முறை மிகுந்த கேமைச் சிறுவர்களுக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று 2005-இல் சட்டம் போட்டது. 2011 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள பேச்சுரிமை கேமுக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் தோற்றதால் எல்லாக் கடையும் திறந்துவிடப்பட்டது என்று நினைக்கவேண்டாம். அங்கே மத்திய வர்த்தக ஆணையம் சிறுவர்களைத் தனியாகக் கடைக்கு அனுப்பி, பெரியவர்களுக்கான கேமை வாங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்து வந்தது. 2000-இல் நூற்றுக்கு 85 பேருக்குக் கிடைத்தது. 2011-இல் வெறும் 13 பேருக்கு. கல்லாவில் நின்ற ஊழியர் அடையாள அட்டை கேட்கப் பழகியிருந்தார், அவ்வளவுதான். பிரிட்டன் இன்னும் நேராகப் போனது. 2012 ஜூலை 30 முதல் பெகி என்ற ஐரோப்பிய ரேட்டிங்கில் 12, 16, 18 என்று முத்திரை விழுந்த கேமை அந்த வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கடையில் விற்பதே அங்கே குற்றம்.

தென் கொரியா வேறு வழியில் போனது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று 2011-இல் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு, 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொரியா தூரமாகத் தெரியவில்லை.

ஏனென்றால் அதே கதை எங்கள் ஊரில் தினமும் நடக்கிறது. நல்லம்பள்ளி, தொப்பூர், அதியமான்கோட்டை சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ ஓசூரிலோ வேலையில் இருப்பார்கள். பிள்ளை ஆயாவிடம் வளரும். பப்ஜி தடைக்குப் பிறகு 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர் ஆடவேண்டுமானால் பெற்றோரின் போன் எண் வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், செலவுக்கு ஒரு நாள் வரம்பு 7,000 ரூபாய் என்று நிறுவனம் சொன்னது. ஏழாயிரம்! எங்கள் பக்கம் பூந்தோட்டத்தில் பூப்பறிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அது பதினைந்து இருபது நாள் கூலி. ஒரு சிறுவன் ஒரு நாளில் அவ்வளவுவரை செலவழிக்கலாம் என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி வரும் என்பதும் அப்படித்தான். ஆயாவின் பெயரில் சிம். போன் பேரனிடம். ஓடிபி வந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான். அந்தச் சம்மதத்தை யார் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தடைகளும் வந்துகொண்டுதான் இருந்தன. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடியதற்காக மாணவர்களையே போலீஸ் கைது செய்தது. ஆடுகிற பிள்ளையைப் பிடிக்கும் இந்த முறையைப் போல மோசமானது வேறு இல்லை என்பேன். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற கேம் மத்திய அரசின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. பெயரில் ‘மேக்ஸ்’ கூடிய அதன் இன்னொரு பதிப்பு அப்படியே கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடையின்போதும் என் கடை வாசலில் கவலையோடு நின்ற பையன்கள் அடுத்த வாரமே வேறு கேமின் டைமண்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசின் அந்தத் தடைகள் எல்லாம் நாட்டின் பாதுகாப்பு, தகவல் திருட்டு என்ற காரணங்களுக்காக வந்தவை. ஆடுகிறவரின் வயது எங்கேயும் கேள்வியாக வரவில்லை.

வயதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டது தமிழ்நாடு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன்பேரில் வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது சட்டமானது. அதன்கீழ் அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிமுறைகளை வெளியிட்டது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி கிடையாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், இரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவே முடியாது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடிவரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இது சரியான பக்கத்தில் கை வைத்த சட்டம்.

ஆனால் இவை எல்லாம் பணம் போட்டுப் பணம் எடுக்கும் ஆட்டத்துக்கு. எங்கள் ஊர்ப் பையன் கட்டும் பணம் திரும்பி வருவதற்காகக் கட்டுவதில்லை. அவன் சட்டைக்கும் தொப்பிக்கும் துப்பாக்கியின் நிறத்துக்கும் கட்டுகிறான். சுழலும் சக்கரத்தில் என்ன விழும் என்று தெரியாமல் மறுபடி மறுபடி கட்டுகிறான். அந்த இடம் இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

ஒரு அக்கா என் கடைக்கு வந்தார். வங்கிக் கணக்கின் விவரத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். மகளிர் குழுக் கடனுக்குக் கட்ட வைத்திருந்த பணம் குறைந்திருக்கிறது, வங்கியில் கேட்டால் புரியவில்லை என்றார். தாளில் பார்த்தால் சின்னச் சின்னத் தொகைகளாக, வரி வரியாக, எல்லாம் ஒரே கேமுக்குப் போயிருந்தது.

“போனு எங்கிட்டதான் தம்பி இருந்துச்சு. பின் நம்பர் யாருக்கும் சொன்னதில்ல.”

“யுபிஐ யாருக்கா போட்டுக் குடுத்தது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “எம் பையந்தான்” என்றார்.

ஒன்பதாவது படிக்கிற பையன். பேலன்ஸ் பார்ப்பதும், கேஸுக்குப் பணம் அனுப்புவதும் வீட்டில் அவன் வேலை. அவனைத் திருடன் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஒரு கேம், மூன்று நாள்தான் இருக்கும் என்று திரையில் கடிகாரம் ஓடவிட்டு, கூட ஆடும் நண்பர்கள் எல்லோரும் வைத்திருக்கும் ஒன்றைக் காட்டி, ஒரே தட்டில் வாங்கும்படி பட்டனை வைத்திருக்கிறது. அந்தத் திரையை வடிவமைத்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். எதிரில் பதினான்கு வயதுப் பிள்ளை. சரிசமமான வியாபாரமா இது?

சட்டப்படியும் சரிசமம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆவது பிரிவில், வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. மோஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903-இல், மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது. அது வீட்டை அடமானம் வைத்த வழக்கு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கும் அந்தக் கொள்கை டைமண்ட் வாங்கும் பட்டனுக்கு ஏன் பொருந்தாது? பணம் போனது பெரியவரின் கணக்கிலிருந்து, பின் நம்பரும் சரியாகப் போடப்பட்டது என்று நிறுவனம் பதில் சொல்லும். ஆடுவது சிறுவன் என்று அதன் கணக்கிலேயே பதிவாகியிருக்கும்போது அந்தப் பதிலை எடுபடவிடக்கூடாது. இதைத் தெளிவாக எழுதிய ஒரு சட்டப்பிரிவு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் அதே வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையில், ஃபோர்ட்நைட் கேமின் எபிக் நிறுவனம், குழப்பும் பட்டன்களால் மக்களிடம் பணம் எடுத்ததற்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் தகவல் பாதுகாப்பை மீறியதற்குத் தனியே 27.5 கோடி டாலர். சிறுவர்களுக்குக் குரல் அரட்டை தானாகவே அணைந்திருக்கவேண்டும் என்றும் நிபந்தனை போட்டார்கள். அதைப் படித்ததும் எனக்கு 2021-இன் தர்மபுரிதான் ஞாபகம் வந்தது. 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் கேமின் நிறுவனத்தின்மேல் 2 கோடி டாலர் அபராதம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் விற்கக்கூடாது என்பது அதில் வந்த கட்டுப்பாடு. மூன்றிலும் கேமைத் தடை செய்யவில்லை, பிள்ளையைத் தண்டிக்கவில்லை. விற்பவரின் கையை மட்டும் பிடித்தார்கள்.

நம்மிடமும் ஒரு சட்டம் வந்துகொண்டிருக்கிறது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தப் பகுதி நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். சரிபார்ப்பு என்பது மறுபடியும் ஆயாவின் ஓடிபி ஆகிவிடக்கூடாது. விதி எழுதுகிறவர்கள் ஒரு வாரம் இந்த மாதிரி ஊரில் ஒரு ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பையன்கள் கேம் ஆடுவதை நான் வெறுக்கவில்லை. நாலு பேர் ஸ்குவாட் போட்டு ஒருவனை ஒருவன் காப்பாற்றி ஜெயிக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆடட்டும். விளையாட்டை விற்கிற ஆள் வயதைக் கேட்கட்டும்.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில. யுபிஐ பின் நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள், பேலன்ஸ் பார்க்க நீங்களே பழகுங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். சின்னப் பிள்ளைகளின் போனுக்கு ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி போடலாம். பணம் போய்விட்டது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிலேயே ரீஃபண்ட் கேளுங்கள், நேரம் தாண்டினால் கேம் நிறுவனத்துக்கு எழுதவேண்டிவரும். கேட்டும் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அந்த அக்காவுக்கு முதலில் ரீஃபண்ட் விண்ணப்பம்தான் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் திரும்பி வந்தது, மீதிக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதில் எது செய்யத் தெரியாவிட்டாலும் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம். செவ்வாய்க்கிழமை மட்டும் சந்தைக் கூட்டம் இருக்கும், மற்ற நாளில் வந்தால் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கலாம். பையனையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்.